பாதமும் வாரும்

நாய் கடிக்கும்; பாம்பு கடிக்கும்; செருப்பும் கடிக்கும் என்பது தமிழ் வழக்கு. புதுச் செருப்பின் வார் உராய்ந்து, தோல் உரிந்து, புண்ணாகும் துன்பத்திற்கு நம்மவர் இட்ட பெயர் செருப்புக்கடி. இரண்டு நாள் நொண்டிவிட்டு மறந்துபோகும் இச்சிறு நோவுக்கு ஒரு வரலாறா என்று கேட்போர் கேட்கலாம். அச்சொல்லை ஒருவன் சொல்ல வேண்டுமானால் முதலில் அவன் காலில் செருப்பு இருந்தாக வேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கின் ரப்பர்த் தோட்டங்களுக்குக் கப்பலேறி வந்த நம் முன்னோரின் முதல் தலைமுறைக்கு அச்சொல்லால் பெரும்பாலும் வேலை இருந்ததில்லை. அவர்கள் காலைக் கடித்தவை வேறு. வெறுங்காலில் தொடங்கிய ஒரு சமுதாயம் வாரிட்ட காலுக்கு வந்து சேர்ந்த கதையே இக்கட்டுரையின் பொருள். அதற்கு முன் வார் என்பது யாது, அது ஏன் வலிக்கிறது என்பதைக் கண்டுகொள்வது நன்று.

பாதத்தையும் அதன் கீழுள்ள பொருளையும் ஒன்றாகப் பிணைப்பதே வாரின் தொழில். கீழே இருப்பது செருப்பின் அடித்தோலாக இருக்கலாம். குதிரைச் சேணத்தின் அங்கவடியாக இருக்கலாம். கடலலைமேல் பாயும் ஒரு பலகையாகவும் இருக்கலாம். முனிவர்களின் பாதக்குறட்டில் வாரே இல்லை. பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையே ஒரு குமிழ் மட்டும் உண்டு. அதை விரல்களால் பற்றிக்கொண்டே நடக்க வேண்டும். வேகமாக நடப்பதற்கு உரியதன்று அது. ஓடவும் சுமக்கவும் வேண்டியவர்களே வாரைத் தேடினர். சங்க நூல்கள் செருப்பைத் தொடுதோல் என்று சுட்டுகின்றன. பெரும்பாணாற்றுப்படையில் வழிச்செல்லும் வணிகர் அடியை மறைக்கும் காப்பு அணிந்திருந்த செய்தி வருகின்றது. பரலும் முள்ளும் நிறைந்த வழிகளைக் கடந்தவர்களுக்கு அது இன்றியமையாததாய் இருந்திருக்கும்.

குதிரையேற்றத்திலும் வாரின் பழைய வடிவத்தை இந்தியாவில்தான் காண்கிறோம். பாஜா, சாஞ்சி, மதுரா ஆகிய இடங்களில் கிறிஸ்து பிறப்பதற்கு முந்திய இரண்டு நூற்றாண்டுகளைச் சேர்ந்த சிற்பங்களில், குதிரை வீரன் பெருவிரலை மட்டும் ஒரு சிறு வளையத்தில் நுழைத்திருப்பதாக அறிஞர் குறித்துள்ளனர். தொழில்நுட்ப வரலாற்றாசிரியர் லின் ஒயிட் 1962ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதனை விரிவாக ஆராய்ந்தார். வெறுங்காலோடு சவாரி செய்யும் வெப்ப நாட்டாருக்கே விரல்வளையம் பொருந்தும். பூட்ஸ் அணிந்த குளிர்நாட்டானுக்கு அதனால் பயனில்லை. பாதம் முழுவதும் நுழையும் அங்கவடி கி.பி. 4ஆம் நூற்றாண்டளவில் சீனத்தில் வழக்கிற்கு வந்து, பின்னர் மேற்கே பரவியது.

அங்கவடி வீரனுக்கு வலிமை தந்தது; கூடவே ஒரு புதிய காயத்தையும் தந்தது. குதிரையிலிருந்து விழும்போது பாதம் அங்கவடியிலேயே சிக்கிக்கொண்டால், உடல் ஒரு பக்கம் போகப் பாதத்தின் முன்பகுதி மறுபக்கம் முறுகும். நடுப்பாதத்தின் சிற்றெலும்புகள் விரல்களுக்குப் பின்னுள்ள முன்பாத நீளெலும்புகளோடு கூடும் மூட்டு விலகிவிடும். நெப்போலியன் காலத்துப் பிரெஞ்சு அறுவை மருத்துவரான ஜாக் லிஸ்பிராங் என்பவரின் பெயர் அம்மூட்டுக்கு இன்றும் வழங்குகின்றது. குதிரைப்படை மறைந்தும் அந்தக் காயம் மறையவில்லை. இன்று அது காணப்படும் இடங்களுள் ஒன்று கடல்.

விண்ட்சர்ஃபிங் என்னும் பாய்ப்பலகை விளையாட்டு 1960களில் உருப்பெற்றது. கலிபோர்னியாவின் ஜிம் டிரேக், ஹாயில் ஷ்வைட்சர் ஆகிய இருவரும், எப்பக்கமும் சாயக்கூடிய பாய்மரம் பொருத்திய பலகைக்கு 1968ஆம் ஆண்டில் காப்புரிமை கோரினர். தொடக்கத்தில் பலகையில் கால்வார் கிடையாது. நம் பரதவர் கட்டுமரத்தின் மேல் நிற்பது போலவே வெறும் பாதத்தின் பிடியையே நம்பி நின்றனர். ஹவாய்த் தீவின் பேரலைகளில் பலகை அந்தரத்தில் எழும்பியபோது அது காலை விட்டு விலகிப் பறந்தது. 1977ஆம் ஆண்டளவில் கைலுவா கடற்கரையில் லாரி ஸ்டான்லி, மைக் ஹார்கன் முதலியோர் பலகையின் மேல் வார்களைப் பொருத்தினர். ஆட்டத்தின் இயல்பே மாறிற்று. 1984ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு இடம்பெற்றது.

வாரோடு வலியும் வந்தது. அவ்வலியின் காரணங்களைப் பார்த்தால் நம் வீட்டுச் செருப்பின் கதையே அங்கும் நடப்பது தெரியும். வார் இறுக்கமாக இருந்தால் பாதத்தின் மேற்புறத்தில் தோலுக்கு அடியிலேயே ஓடும் நரம்புகளும் தசைநாண்களும் அழுந்துகின்றன, விரல்கள் மரத்துப்போகின்றன. தளர்ந்திருந்தாலோ தீங்கு இன்னும் பெரிது. பாதம் கணுக்கால் வரை உள்ளே நுழைந்துவிடும். விழும்போது வெளியே வராது. லிஸ்பிராங் மூட்டின் முறுக்கு அப்போதுதான் நேர்கின்றது. விரல்கள் முழுவதும் வெளியே தெரிய, வார் விரல்மூட்டுகளுக்குச் சற்றுப் பின்னே மேற்பாதத்தில் படிய வேண்டும். உதறினால் கால் தானாகவே கழன்றுவர வேண்டும். பழகாதவர்கள் பலகை கைவிட்டுப் போய்விடுமோ என்னும் அச்சத்தில் விரல்களை மேல்நோக்கி மடக்கி வாரைப் பற்றுகின்றனர். அதனால் உள்ளங்காலின் வளைவில் தசைப்பிடிப்பு உண்டாகின்றது. எடையைக் குதிகாலாலும் பாதத்தின் விளிம்பாலும் அழுத்தி, பாயின் இழுப்பை இடுப்புக் கச்சை தாங்கும்படி விட்டவர்களுக்கு அவ்வலி குறையும். வார் முறுகாமல் தட்டையாக இருத்தல், அதன் விளிம்பு கூரற்று இருத்தல், உப்புநீரில் ஊறி மென்மையான தோலுக்கும் வாருக்கும் இடையே மணல் புகாதபடி கழுவுதல் ஆகியனவும் தேவை. அகலமான, மெத்தென்ற, எளிதில் கழலும் வார் என்று அதனைச் சொல்லிவிடலாம். காலைக் கட்டிவைப்பது வாரின் வேலையன்று; காலுக்கு இடம் காட்டுவதே அதன் வேலை.

அவ்வார்களின் உட்புறத்தில் மெத்தையாக வைப்பது நியோப்ரீன் என்னும் செயற்கை ரப்பர். அமெரிக்காவின் டூபாண்ட் ஆய்வுக்கூடத்தில் 1930ஆம் ஆண்டில் பிறந்தது அது. இத்தகைய செயற்கை ரப்பர் இனங்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பின் பெருகி, நம் பால்மரத்தின் விலையை அழுத்திய வரலாறு தோட்டப்புறத்தில் வாழ்ந்தவர் யாவரும் அறிந்ததே. அந்தப் பால்மரத்தின் அடியில் நின்ற கால்களுக்கு இனி வருவோம்.

1877ஆம் ஆண்டில் இலங்கை வழியாகச் சிங்கப்பூருக்கு வந்த 22 கன்றுகளிலிருந்து மலாயாவின் ரப்பர் தொடங்கியது. 1890களில் காஜாங்கை அடுத்த இஞ்ச் கென்னத் தோட்டத்தில் கிண்டர்ஸ்லி சகோதரர்கள் அதனை வணிகப் பயிராக நட்டனர். அடுத்த இருபது ஆண்டுகளில் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் துறைமுகம் வரை, கோலசிலாங்கூர் வரை, காடுகள் அழிந்து தோட்டங்கள் எழுந்தன. கங்காணிகள் வழியே தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து ஆட்கள் வந்தனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் வெறுங்காலோடு வந்தனர். வெறுங்காலோடு பிரட்டுக்களத்தில் நின்றனர். விடியுமுன் நிரையில் இறங்கினர். 300 முதல் 500 மரங்கள் வரை ஒருவருக்கு உரிய வேலை. பனியில் நனைந்த புல், முள், அட்டை, விழுந்த கிளைகளின் கூர் முனைகள், இவற்றின் ஊடேதான் அன்றாட நடை.

அமேசான் காட்டுப் பழங்குடியினர் தம் பாதங்களை மரப்பாலில் தோய்த்து, புகையில் காயவைத்துக் காலுறை செய்துகொண்டனர் என்று பயணிகள் எழுதி வைத்துள்ளனர். ரப்பரின் முதல் பயன்களுள் ஒன்று மனிதப் பாதத்தைக் காப்பது. அந்த ரப்பரை உலகுக்கு வாளி வாளியாக இறக்கியவர்களின் பாதம் மட்டும் காப்பின்றிக் கிடந்தது.

வறுமை ஒன்றே இதற்குக் காரணம் என்று முடித்துவிட முடியாது. ஊரில் செருப்பு என்பது உரிமைப் பொருளாகவும் இருந்தது. தாழ்த்தப்பட்டோர் ஆதிக்க சாதியார் தெருவில் செருப்பணிந்து நடத்தல் குற்றம் என்னும் கட்டுப்பாடு தமிழகத்தின் பல பகுதிகளில் நிலவிற்று. 1930ஆம் ஆண்டு டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதித்திராவிடர்மீது எட்டுத் தடைகள் விதிக்கப்பட்டதை, 1931ஆம் ஆண்டு இந்தியக் குடிக்கணக்கின் ஆணையராக இருந்த ஜே. எச். ஹட்டன் பதிவு செய்திருக்கிறார். குடை பிடித்தலாகாது, செருப்பு அணிதலாகாது என்பன அவற்றுள் அடங்கும். இவ்வூர்களிலிருந்து புறப்பட்டவர்களின் பிள்ளைகளும் பேரர்களுமே நம்முள் பலர். கடல் கடந்து வந்த கால், செருப்பைக் கேட்கவும் துணியாத காலாக இருந்ததில் வியப்பென்ன?

வெறுங்காலுக்கு அன்று பெரும் பகையாய் இருந்தது கொக்கிப்புழு. கெய்ரோவில் பணியாற்றிய ஆர்தர் லூஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர், இப்புழுவின் இளம் பருவம் தோலைத் துளைத்தே உடலுக்குள் புகுகின்றது என்பதை 1898ஆம் ஆண்டில் கண்டார். ஆய்வின்போது தம் கைமேல் சிந்திய நீரால் ஏற்பட்ட அரிப்பே அவருக்கு வழிகாட்டிற்று. நிழலும் ஈரமும் வெப்பமும் உள்ள மண் இப்புழுவுக்கு உகந்தது. கழிப்பிடம் இல்லாத லயங்களைச் சுற்றிய ரப்பர்க் காடு அதற்கு வாய்த்த இருப்பிடம். விரலிடுக்கில் ஓர் அரிப்பு. சில நாளில் அது மறைந்துவிடும். ஆனால் உட்புகுந்த புழு குடலைப் பற்றிக்கொண்டு நாள்தோறும் இரத்தத்தை உறிஞ்சும். முகம் வெளுக்கும், கால் வீங்கும், மூச்சு வாங்கும், நிரையில் பாதி மரம் வெட்டுமுன் உட்காரத் தோன்றும். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இந்நோய் பரவியிருந்தபோது, 1902ஆம் ஆண்டில் அந்நாட்டுச் செய்தித்தாள்கள் இதற்குச் சோம்பல் கிருமி என்றே பெயரிட்டன. நம்மவர் மேல் சோம்பேறி என்னும் பழி சுமத்திய துரைமார், அப்பழியின் வேர் எத்தனை முறை விரலிடுக்கில் இருந்தது என்பதை எண்ணிப் பார்த்திருப்பார்களா?

ராக்பெல்லர் அறநிலையம் 1915 முதல் 1917 வரை மலாயா, ஜாவா, பிஜி ஆகிய நாடுகளுக்கு ஓர் ஆய்வுக் குழுவை அனுப்பிற்று. டார்லிங், பார்பர், ஹேக்கர் ஆகிய மூவரும் கண்டவை 1920ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தன. மருந்து கொடுத்துப் புழுவை எண்ணிப் பார்த்து, தோட்டத் தொழிலாளர் உடலில் அதன் சுமை எத்தகையது என்பதை அவர்கள் அளந்தனர். செனப்போடியம் எண்ணெய், கழிப்பிடம், காலணி ஆகிய மூன்றும் அக்கால மருத்துவர் கூறிய தீர்வுகள். மருந்து விரைந்து வந்தது. கழிப்பிடம் மெல்ல வந்தது. காலணியை யார் வாங்கித் தருவது என்னும் கேள்விக்குத் தோட்டக் கணக்கில் இடமே இல்லை.

அதே காலத்தில், சில கல் தொலைவில், வேறொரு வகைத் தமிழ்க்கால் இருந்தது. 1880களில் கோலாலம்பூரை மறுபடி கட்டுவதற்காகச் செங்கல் சூளைகள் எழுந்த இடமே பிரிக்பீல்ட்ஸ். 1886ஆம் ஆண்டில் கிள்ளான் பக்கம் இரயில் ஓடத் தொடங்கிய பின், அது இரயில்வே ஊழியரின் குடியிருப்பாயிற்று. 1915ஆம் ஆண்டில் எழுந்து 2014ஆம் ஆண்டில் இடிக்கப்பட்ட நூறு வீடுகளை முதியோர் இன்றும் நினைவுகூர்வர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எழுத்தர்களும் நிலைய அதிகாரிகளும் சப்பாத்து அணிந்து அலுவலகம் சென்றனர். அச்சொல்லே போர்த்துகீசியர் வழியாக இலங்கைத் தமிழுக்கு வந்து, பின் இங்கும் வழங்கலாயிற்று. அவர்கள் கணக்கெழுதிய அதே இருப்புப்பாதையில், சரளைக்கல் மேல் தண்டவாளத்தைத் தூக்கி வைத்த தமிழன் வெறுங்காலன். இரண்டு கால்களும் ஒரே மொழி பேசின. ஆனால் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளப் பல ஆண்டுகள் பிடித்தன.

1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. கோலாலம்பூர்த் 'தமிழ் நேசன்' இதழில் பணியாற்றிய ஆர். எச். நாதன் அதனை வழிநடத்தியோருள் முதன்மையானவர். கூலி உயர்வு, பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடை ஒழிப்பு என்பவற்றோடு மற்றொரு கோரிக்கையும் அப்பட்டியலில் இருந்தது. துரையையோ தோட்டத்து அதிகாரிகளையோ கண்டால் மிதிவண்டியை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்னும் முறை ஒழிய வேண்டும் என்பதே அது. காசு சம்பந்தமற்ற இக்கோரிக்கையை ஆட்சியாளர் எப்படி எடுத்துக்கொண்டாலும், நமக்கு அதன் பொருள் விளங்கும். ஒருவன் கால் எங்கே இருக்க வேண்டும் என்பதை மற்றொருவன் தீர்மானிக்கலாகாது என்பதுதான் அது. மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டு, பின்னர் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். அவ்வாண்டின் இறுதியில் ஜப்பானியர் மலாயாவில் இறங்கினர்.

அடுத்து வந்த சயாம் மரண இரயில்பாதையைப் பற்றி நம் எழுத்தாளர் பலர் உருக்கமாக எழுதியிருக்கின்றனர்; ஈண்டுப் பாதம் பற்றி மட்டும் ஒன்று சொல்லலாம். ஏறக்குறைய 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1943ஆம் ஆண்டு அக்டோபரில் முடிந்தது. அதற்காகத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்டோர் காலராவாலும் மலேரியாவாலும் மட்டும் மாளவில்லை. மூங்கில் முள் கீறிய சிறு கீறல், பசியால் நலிந்த உடலில் ஆறாத புண்ணாகி, சில நாட்களில் எலும்பு தெரியுமளவு அரித்தது. காலை வெட்டியெடுத்தே உயிரைக் காக்க வேண்டிய நிலை பலருக்கு நேர்ந்தது. ஒரு கீறலைத் தடுக்க ஒரு முழத் துணியும் அங்கே அரிதாயிருந்தது.

போர் முடிந்த பின்னரே வார் நம் காலுக்கு வந்தது. செக்கோஸ்லோவாக்கியாவின் பாட்டா நிறுவனம் போருக்கு முந்திய 1930களிலேயே கிள்ளானில் தொழிற்சாலை அமைத்திருந்தது. நம் தோட்டத்து ரப்பர் நம் ஊரிலேயே காலணியாகத் தொடங்கியதென்று பெருமையாகச் சொல்லலாம். எனினும் தொழிலாளி வீட்டுக்குள் முதலில் நுழைந்தது சப்பாத்தன்று, சிலிப்பரே. மரபான சோரிச் செருப்பின் வடிவத்தில் ஜப்பானியர் 1950களில் ரப்பர்ச் செருப்புகளைச் செய்து உலகெங்கும் அனுப்பினர். பிரேசில் நாட்டில் 1962ஆம் ஆண்டில் தோன்றிய ஹவாயனாஸ் அதன் வழிவந்ததே. மலாய்க்காரர் இன்றும் இதனை ஜப்பான் சிலிப்பர் என்றே அழைக்கின்றனர். அடித்தட்டு ஒன்று, மூன்று துளை, அவற்றில் செருகிய கவட்டை வடிவ வார். விலை குறைவு. வார் அறுந்தால் அடியில் ஓர் ஊக்கைக் குத்தி மேலும் சில மாதம் ஓட்டலாம். இப்பொருளை அழகற்றதென்று இகழ்வோர் உண்டு. கொக்கிப்புழுவுக்கு எதிராக ஒரு குடும்பம் தன் கைக்காசில் வாங்கிய முதல் மருந்து அதுதான் என்பதை அவர்கள் நினைவில் கொள்ளல் வேண்டும்.

சிலிப்பரோடுதான் செருப்புக்கடியும் தோட்டத்துச் சொல்லாயிற்று. பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே வார் அறுத்தது. காலை ஈரத்தில் சிலிப்பர் வழுக்கிற்று. ஆகவே மேட்டு நிரையில் பலர் அதைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டனர். புழுவிலிருந்து காக்க வந்த பொருள், புழு இருக்கும் இடத்திலேயே காலை விட்டு நீங்கிவிடும். கறுப்பு ரப்பரால் ஒரே வார்ப்பாகச் செய்து, அடியில் குமிழ்கள் வைத்த, 'அடிடாஸ் கம்போங்' என்று விளையாட்டாகப் பெயர் பெற்ற காலணியே நிரைக்கு உண்மையில் ஏற்றது. மலையேறுவோரும் இன்று அதனை விரும்பி அணிகின்றனர்.

பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளைக் கித்தான் சப்பாத்து தந்த வலி வேறு வகையானது. பிறந்ததிலிருந்து வெறுங்காலில் ஓடிய பாதம் முன்புறம் அகன்று, விரல்கள் விசிறிபோல் விரிந்திருக்கும். பில் ஹாப்மன் என்னும் அமெரிக்க மருத்துவர் 1905ஆம் ஆண்டிலேயே வெறுங்கால் மக்களையும் காலணி மக்களையும் ஒப்பிட்டு இதனைக் காட்டினார். தென்னிந்தியாவில் 2,300 சிறுவரைச் சோதித்து 1992ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, காலணி அணிந்து வளர்ந்தோரிடமே தட்டைப்பாதம் மிகுதியாக இருந்ததைக் கண்டது. வெறுங்கால் குறையுடைய காலன்று; அகன்ற வலிய காலே. அதை ஒடுங்கிய சப்பாத்துக்குள் திணித்தால் சுண்டுவிரலும் குதிகாலும் கொப்புளிக்காமல் என்ன செய்யும்? அதிலும் அடுத்த ஆண்டுக்கும் ஆகட்டும் என்று ஓர் அளவு பெரிதாக வாங்குவது நம் தாய்மாரின் வழக்கம். சென்ற ஆண்டுச் சப்பாத்தே போதும் என்று மடக்கிப் போடுவது வறுமையின் வழக்கம். முதலாவதில் குதிகால் உரிந்தது. இரண்டாவதில் நகம் கறுத்தது.

இதற்கு வீட்டு மருத்துவம் இருந்தது. புது வாரில் இரவு தேங்காய் எண்ணெய் தடவி ஊறவைத்தனர். உராயும் இடத்தில் துணிக் கீற்றைச் சுற்றினர். முதல் வாரம் மாலையில் மட்டும் வீட்டைச் சுற்றி நடக்கவிட்டனர். எண்ணெய் தோல் வாரை இளக்கும் என்பது உண்மையே. ரப்பர் வாருக்கு அது கேடு. ரப்பர் எண்ணெயில் ஊறினால் உப்பி நைந்துபோகும். பால்வெட்டுக் குடும்பங்களிலும் இது தெரியாமல் எண்ணெய் தடவி வாரை அறுத்தவர் உண்டு. தோல் செருப்பின் அறிவை ரப்பர்ச் செருப்புக்கு அப்படியே மாற்றியதன் விளைவு அது.

காலணி வலித்தால் கழற்றி எறிவதும் ஒரு தீர்வுதான். எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா 1960ஆம் ஆண்டு ரோமாபுரி ஒலிம்பிக்கில் புதுக் காலணி பொருந்தாமையால் வெறுங்காலில் நெடுந்தொலைவோட்டத்தை ஓடித் தங்கம் வென்றார். நான்கு ஆண்டுகளுக்குப் பின் தோக்கியோவில் காலணியோடு ஓடி மீண்டும் வென்றார். நம்மிடையே 1998ஆம் ஆண்டு கோலாலம்பூர்க் காமன்வெல்த் போட்டியில் கோவிந்தசாமி சரவணன் 50 கிலோமீட்டர் நடையில் தங்கம் பெற்றதை மறக்க முடியாது. நடைப் போட்டியில் ஏதேனும் ஒரு பாதம் எப்போதும் தரையைத் தொட்டிருக்க வேண்டும். நான்கு மணி நேரத்திற்கு மேல் ஒரே இடத்தில் ஒரே உராய்வு. செருப்புக்கடியை வெல்லாதவன் அத்தொலைவைக் கடக்க இயலாது. நம் பாட்டனார் நிரை நிரையாக நடந்த மண்ணில், நடையையே தொழிலாக்கி ஒருவர் வென்றார் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.

இதுகாறும் வலியைத் துன்பமாகவே பேசினோம். வலி இல்லாத பாதத்தின் கதை இதனினும் கொடியது. அதனை அறிய நாம் சுங்கை பூலோவுக்குச் செல்ல வேண்டும். ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் சோதனைத் தோட்டம் இருந்த அதே வட்டாரத்தில், 1930ஆம் ஆண்டில் தொழுநோயாளர் குடியிருப்புத் திறக்கப்பட்டது. கோலாலம்பூரின் பழைய காப்பகத்தின் அவலத்தைக் கண்டு மனம் வருந்திய மருத்துவர் டிராவர்ஸ் அதற்காகப் பெரிதும் பாடுபட்டார். பல இனத்தாரோடு நம் தோட்டத்துத் தமிழரும் அங்கே வாழ்ந்தனர். தொழுநோய் நரம்பைக் கொல்வது. கால் மரத்துப்போனவர் ஆணியை மிதித்தாலும் அறியார். வார் அறுத்தாலும் அறியார். விரல்கள் தாமாக அழுகி விழுகின்றன என்று உலகம் நம்பிற்று.

அந்நம்பிக்கையைத் தகர்த்தவர் தமிழ்நாட்டின் கொல்லிமலையில் 1914ஆம் ஆண்டில் பிறந்த ஆங்கிலேயர் பால் பிராண்ட். 1946ஆம் ஆண்டில் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அவர், வேலூரிலும் காரிகிரியிலும் நோயாளர் பாதங்களை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். சதை நோயால் அழுகவில்லை, வலி உணர்வு இல்லாமையால் தேய்ந்து அழிகின்றது என்று கண்டார். ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் விழும் சிறு அழுத்தமே புண்ணின் தாய். வலியுள்ளவன் தன்னையறியாமலே நடையை மாற்றிக்கொள்வான், நொண்டுவான், செருப்பைக் கழற்றுவான். வலியற்றவன் அதே இடத்தில் ஆயிரம் முறை மிதிப்பான். எனவே நுண்துளை ரப்பரால் மெத்தென்ற அடித்தட்டு செய்தனர். வாரையும் மாற்றினர். விரலிடுக்கில் செருகும் கவட்டை வார் கூடாது. பாதத்தின் மேல் அகன்று படியும் வார் வேண்டும். விரலை மடக்கிப் பற்றாமல் செருப்பு காலோடு நிற்கக் குதிகாலைச் சுற்றிப் பின்வார் வேண்டும். ஆணி எங்கும் இருத்தலாகாது. ஹவாய்க் கடலில் வலியைத் தவிர்க்கப் பிற்காலத்தார் அகன்ற மெத்தை வாரைத் தேடினர். வேலூரில் வலியை உணராதவர்க்காக அதற்கு முன்பே அது தேடப்பட்டது.

பிராண்ட் 1966ஆம் ஆண்டில் அமெரிக்கா சென்று, அதே அறிவை நீரிழிவு நோயாளரின் பாதத்துக்குப் பயன்படுத்தினார். இங்கேதான் கதை நம் வீட்டு வாசலுக்குத் திரும்புகின்றது. 2019ஆம் ஆண்டின் தேசிய நலவாழ்வு ஆய்வு, மலேசியப் பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதைக் காட்டிற்று. முக்கிய இனங்களுள் இந்தியரிடமே அது மிகுதி. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனையாகி, பின் வீடமைப்புத் திட்டங்களாகிவிட்டன. அங்கிருந்து பெயர்ந்து கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் அடுக்குமாடிகளில் வாழும் முதியோர் பலருக்கு இன்று நடை குறைவு, சர்க்கரை மிகுதி, காலில் உணர்வு குறைவு. முள்ளையும் அட்டையையும் கொக்கிப்புழுவையும் தாங்கிய பாதத்தை, இப்போது ஒரு சிலிப்பர் வார் வீழ்த்திவிடக் கூடும். கடித்தது தெரிவதில்லை. தெரியும்போது புண் எலும்பைத் தொட்டிருக்கும். விரலை எடுத்தோம், பின் பாதத்தை எடுத்தோம் என்று சொல்லும் குடும்பங்களை நாம் ஒவ்வொருவரும் அறிவோம்.

ஆகவே தாத்தாவுக்கும் பாட்டிக்கும் காலணி வாங்குவோர், பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், அவர்களையே நிற்கவைத்து அளந்து வாங்குதல் வேண்டும். கவட்டை வார்ச் சிலிப்பர் அவர்களுக்கு ஆகாது. அணியுமுன் காலணியை உதறி, உட்புறத்தையும் வாரின் விளிம்பையும் கைவிரலால் தடவிப் பார்க்க வேண்டும். கால் சொல்லாததைக் கை சொல்லும். தைப்பூசத்தின்போது வெள்ளி இரதத்தின் பின்னே ஸ்ரீ மகா மாரியம்மன் கோயிலிலிருந்து பத்துமலைக்கு வெறுங்காலோடு ஏறக்குறைய 15 கிலோமீட்டர் நடந்து, 272 படியேறுவோரில் இத்தகையோரும் உளர். நண்பகல் தார்ச்சாலையின் சூடு அவர்கள் பாதத்திற்குத் தெரியாது. உடன் செல்லும் இளையவர்கள், படியிறங்கி வந்ததும் அவர்களை ஓரிடத்தில் அமரவைத்து, உள்ளங்காலைக் கழுவித் துடைத்து, விரலிடுக்குகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்க்கட்டும்.